சிஸ்டம் அக்கா ஆடாத பாகம்

தாராபுரம் சாலையில், அவிநாசிபாளையத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் எந்தப் பிரிவில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதலில் எழும் குரல், "சிஸ்டம் அக்காவைக் கூப்பிடு" என்பதுதான். சிஸ்டம் அக்கா என்றால் தேவிப்பிரியா. நாற்பத்தொரு வயது. பதினாறு வருடமாக அங்கே வேலை. அதிகம் பேச மாட்டாள். வருவாள், திரையைப் பார்ப்பாள், உட்காராமல் நின்றபடியே இரண்டு பட்டனை அழுத்துவாள், போய்விடுவாள்.

"ஒரு வார்த்த வஞ்சிட்டுப் போனாலாச்சும் மனசு ஆறும். இது பேசாமச் சரி பண்ணிட்டுப் போயிருது" என்பாள் செக்கிங் பிரிவின் ராமுத்தாய். தேனிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறாதவள்.

பேசாத தேவிப்பிரியாவைப் பேச வைக்க ஒரு வழி இருந்தது. விண்டோஸில் எது நல்லது என்று கேட்டால் போதும். சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவாள். விண்டோஸில் தொடங்கும் பேச்சு இரண்டாவது நிமிடத்தில் ஒரு வீடியோ கேமுக்குப் போய்விடும்.

அந்தக் கேம் அவளுக்கு அறிமுகமானது பிளஸ் டூ முடித்த வருடம். பல்லடத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கவுண்டரில் உட்காரும் வேலை கிடைத்தது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஈ எறும்பு வராது. மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு சிடியைப் போட்டுப் பார்த்தாள். கையில் கத்தியோடு ஒருவன், ஒரு கோட்டை, பதினேழு கதவுகள். அட்டையில் இருந்த ஆங்கிலப் பெயர் வளைந்து நெளிந்து யாருக்கும் வாயில் நுழையாமல் இருந்ததால், வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கத்திக்காரன் என்றே சொன்னார்கள். முதல் பாகத்தை ஒரு வாரத்தில் முடித்தாள். இரண்டாம் பாகம் இருக்கிறது என்று தெரிந்ததும் அதையும் தேடிப் பிடித்தாள். அதன் பிறகு அவள் வேலை மாறினாள், முகிலனைக் கல்யாணம் செய்துகொண்டாள், அவிநாசிபாளையத்தில் வீடு கட்டினாள். கத்திக்காரன் மட்டும் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப் பாகமாக வந்துகொண்டே இருந்தான். விண்டோஸும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

இரண்டும் ஒரே கதை என்பது அவளுடைய முடிவு. யாரும் கேட்காமலே ஒரு பாகம் வரும். வந்ததும் எல்லோரும் திட்டுவார்கள். திட்டியபடியே பழகுவார்கள். பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அப்போது முந்தையதைப் போல் ஒன்று உண்டா என்பார்கள்.

இந்தப் பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் அதிகம் கேட்டவர் வெள்ளியங்கிரி. ஐம்பத்தாறு வயது. கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒவ்வொரு துண்டின் அளவையும் போடுவதும், துணி வீணாகாமல் அந்தத் துண்டுகளைத் திரையில் நெருக்கி அடுக்குவதும் அவர் வேலை. அடுக்கிய படத்துக்கு மார்க்கர் என்று பெயர். அது நீளமான தாளில் அச்சாகி வந்தால்தான் கட்டிங்கில் கத்தி வைக்க முடியும்.

மார்க்கர் போட அவர் பயன்படுத்தியது விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஒரு பழைய பெட்டி. தேவிப்பிரியா கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் செய்த முதல் வேலை அந்தப் பெட்டியில் எக்ஸ்பியை ஏற்றியதுதான். அன்று அவளை எல்லோரும் டைப் அடிக்க வந்த பெண் என்று நினைத்திருந்தார்கள். வெள்ளியங்கிரி மட்டும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசிவரை பார்த்துவிட்டு, "இத்தன வேல இருக்குதுங்களா இதுல" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

செப்டம்பர் முதல் வாரத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆட்கள் சோதனைக்கு வந்தார்கள். தீயணைப்புக் கருவியைப் பார்த்தார்கள், குடிநீரைப் பார்த்தார்கள், கம்ப்யூட்டர்களையும் பார்த்தார்கள். விண்டோஸ் பத்துக்கு அக்டோபர் பதினான்கோடு ஆதரவு நிற்கிறது, அதற்குள் பழையது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். பத்துக்கே அந்தக் கதி என்றால் எக்ஸ்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்களில் ஓர் இளைஞர் அந்தப் பெட்டியைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

முதலாளி சிவசுப்பிரமணியம் தேவிப்பிரியாவைக் கூப்பிட்டார்.

"பன்னெண்டு சிஸ்டத்தயும் மாத்திப்போட்டீங்க, சரி. மாஸ்டர் அண்ணனோடது என்னாச்சுங்க?"

"புதுசு வந்துருச்சுங்க. அவரு இன்னும் உக்காரலீங்க."

"நானும் சொல்லிப் பாத்துட்டனுங்க. பதினாலாந் தேதிக்குள்ள அவரு புதுசுல ஒரு மார்க்கர் எடுத்துக் காட்டோணும். இல்லீன்னா கோயமுத்தூர்ல டிசைன் படிச்ச ஒருத்தரு வாரேன்னு சொல்லியிருக்காரு, அவர உக்கார வெச்சுருவேன். அண்ணன் கட்டிங்கப் பாத்துக்கட்டும். சம்பளத்துல ஒண்ணும் கொறைக்க மாட்டேன்."

சம்பளம் குறையாது என்பது உண்மைதான். ஆனால் பேட்டர்ன் அறையிலிருந்து வெளியே அனுப்பினால் வெள்ளியங்கிரி கட்டிங் மேசைக்குப் போக மாட்டார், நேராகத் தன் ஊரான குண்டடத்துக்குப் போய் ஆடு மேய்ப்பார் என்று தேவிப்பிரியாவுக்குத் தெரியும். அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். விளையாட்டாகச் சொன்னதில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவளே பேச்சை ஆரம்பித்தாள். அது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

"ஏனுங்ணா, எக்ஸ்பி கத்திக்காரன்ல மூணாம் பாகம் மாதிரிங்ணா. கொற சொல்ல முடியாது. நாமெல்லாம் அதுலதான் பழகுனோம். ஆனா மூணோட யாரும் நின்னுக்கலீங்களே."

"தொண்ணூத்தெட்டுன்னு ஒண்ணு இருந்துச்சுங்களே, அது?" என்றார் வெள்ளியங்கிரி, புளிச்சாதத்தைப் பிசைந்தபடி.

"அது ரெண்டாம் பாகம். அடிக்கடி செத்துப் போவான். மறுபடி எந்திரிச்சு வந்துருவான், அதனால கோவம் வராது. விஸ்டா அஞ்சாம் பாகம். கோட்டையெல்லாம் தங்கமா மின்னும். ஆனா அவன் ஒரு படி ஏறறதுக்குள்ள நாம டீ குடிச்சுட்டு வந்தர்லாம்."

"நாலாவது என்னாச்சு?" என்றாள் ராமுத்தாய்.

"நாலாவது எதோடயும் ஒத்து வரலீங்க்கா. ஏழு வந்தது ஆறாம் பாகம் மாதிரி. அஞ்சுல பண்ணுன தப்புக்கு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தது. எட்டக் கணக்குல சேக்க வேண்டாம். போன்ல ஆடறதுக்குன்னு எடையில ஒரு கத்திக்காரன் உட்டாங்க, அதுல மேப்பவே எடுத்துப்போட்டாங்க. விண்டோஸ் எட்டுலயும் ஸ்டார்ட் பட்டனக் காணமின்னு ஊரே தேடுச்சு."

"ஒம்பது?"

"ஒம்பது வரவே இல்லீங்ணா. எட்டுல இருந்து நேராப் பத்துக்குப் போயிட்டாங்க."

"ராசி பாத்து உட்டிருப்பாங்க" என்றார் வெள்ளியங்கிரி, அது நியாயம்தான் என்பதுபோல.

"என் மாமியா வீட்டுக் கதவு நம்பரு ஒம்பது. எனக்கு ஒருத்தரும் சொல்லலையே" என்றாள் ராமுத்தாய்.

சிரிப்பு அடங்கியதும் தேவிப்பிரியா சொன்னாள்: "பத்து ஏழாம் பாகம். இப்ப வந்திருக்கற பதினொண்ணு கடைசிப் பாகமுங்ணா. மூலையில இருந்தத நடுவுல கொண்டாந்து வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். பழைய பாகத்துல சேமிச்ச ஆட்டம் புதுசுல வராது. ஆனா கை வரும். குதிக்கறதுக்கும் குனியறதுக்கும் வெரலுக்குத் தெரியும்."

வெள்ளியங்கிரி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசிப் பாகம் எப்படீங்க அம்மிணி? நல்லா இருக்குதுங்களா?"

தேவிப்பிரியா டப்பாவின் மூடியை எடுத்துத் துடைத்தாள்.

"நான் ஆடலீங்ணா."

"ஏனுங்க?"

"புடிக்கலீங்ணா. கத்திக்காரன எடுத்துப்போட்டு அவன் புள்ளயக் கொண்டாந்துட்டாங்க. பாக்கற பக்கமே வேற. முன்னெல்லாம் பக்கவாட்டுல இருந்து பாப்போம், இப்ப அவ முதுகுக்குப் பின்னாடி நின்னுட்டுப் பாக்கோணும்."

"ஆடாமயே புடிக்கலீங்களா?"

அவள் துடைத்த மூடியை டப்பாவில் போட்டு அழுத்தி மூடினாள். அந்தப் பாகத்தை இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் பிறந்த நாளுக்கு முகிலன் வாங்கி, வீட்டு கம்ப்யூட்டரில் ஏற்றியும் கொடுத்திருந்தான். திரையில் அதன் படம் இன்னும் இருக்கிறது. ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை.

"எனக்கு மட்டும் பாடஞ் சொல்றீங்க" என்றார் வெள்ளியங்கிரி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு உறைத்தது.

ஆனாலும் அடுத்த நாளிலிருந்து அவர் தினமும் அரை மணி நேரம் புதியதன் முன்னால் உட்கார்ந்தார். அது ஒரே ஒரு தட்டையான திரை. பெட்டி எதுவும் தனியாகக் கிடையாது. இடது கீழ் மூலைக்கு அவர் கை தானாகப் போகும், அங்கே ஸ்டார்ட் இல்லை என்று தெரிந்து நடுவுக்கு வரும். பழைய பெட்டிக்குப் பாஸ்வேர்டே கிடையாது. இதற்கு வேண்டியிருந்தது, ஒரே வாரத்தில் மூன்று முறை மறந்தார். எனவே தேவிப்பிரியா முகத்தைப் பார்த்துத் திறக்கும்படி அமைத்துக் கொடுத்தாள். முகம் தெரியாவிட்டால் போட்டுக்கொள்ள நான்கு எண்களையும் சொன்னாள்.

முகத்தைப் பார்த்துத் திறப்பது அவருக்குப் பிடித்துவிட்டது. "மூஞ்சியப் பாத்தாலே கதவத் தொறந்து உடுதுங்களே" என்று அதிசயப்பட்டார். ஒவ்வொரு முறையும் உட்காரும் முன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வதை அவள் கவனித்தாள்.

ஆயுத பூஜையன்று மதியத்தோடு தையல் மெஷின்கள் நின்றன. எண்ணெயும் நூல் தூசியும் போகத் துடைத்து, ஒவ்வொரு மெஷின் தலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் தங்கள் மெஷின்களுக்கு மாலையே கட்டியிருந்தார்கள். தேவிப்பிரியா அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களின் ஓரத்தில் சின்னதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். பேட்டர்ன் அறைக்கு மட்டும் போகவில்லை. அந்த அறைக்குப் பூஜை போடுவது எப்போதும் வெள்ளியங்கிரிதான். குளித்து, வேட்டி மாற்றி, சந்தனக் கிண்ணத்தோடு அவர் உள்ளே போவதைப் பார்த்தாள். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை கம்பெனி திறந்தது. பத்து மணிக்கு முதலாளி தேவிப்பிரியாவைக் கூப்பிட்டார். முகம் வாட்டமாக இருந்தது.

"மாஸ்டர் அண்ணன் வந்து, அந்தக் கோயமுத்தூர்க்காரரையே வரச்சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போறாருங்க. நான் ஒண்ணுமே கேக்கலீங்க. அவரா வந்து சொன்னாரு."

"எதுக்குன்னு சொன்னாருங்களா?"

"நமக்கு ஒத்து வராதுங்கன்னாரு. அதுக்கு மேல பேசலீங்க."

தேவிப்பிரியாவுக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்கூட டி-ஷர்ட்டின் கைத் துண்டு ஒன்றைத் திரையில் திருப்பி வைத்துவிட்டுச் சிரித்தவர் அவர். பேட்டர்ன் அறைக்குப் போகும் வழியில் ராமுத்தாய் மறித்தாள்.

"காலையில அண்ணனுக்கு அந்த டிவி தொறக்கவே இல்ல. இங்கிலீசுல என்னமோ போட்டுச்சு, படிச்சுச் சொல்லுன்னாரு. ஒங்கள யாருன்னு தெரியலங்குதுண்ணேன்னு சொன்னேன். இருந்ததத்தான சொன்னேன். அதுக்கு அவரு மொகம் போன போக்கு இருக்கே."

"நாலு நம்பரு குடுத்திருந்தனே, அதப் போடலீங்களா?"

"நானும் கேட்டேன். மூஞ்சியே தெரியலங்குது, அப்பறம் பொறவாச வழியாப் போறதாக்கும்னு எந்திரிச்சுப் போயிட்டாரு."

அறையில் யாரும் இல்லை. எப்போதும் அவர் கழுத்தில் கிடக்கும் அளவு டேப் சுருட்டி மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. தேவிப்பிரியா வழக்கத்துக்கு மாறாக நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் முகத்தையும் அவள் அதில் பதிவு செய்து வைத்திருந்தாள். திரை விழித்தது, தேடியது, அவளையும் தெரியவில்லை என்றது.

குனிந்து பார்த்தாள். பழைய பெட்டியின் நெற்றியில் வழக்கம்போல் சந்தனமும் குங்குமமும் இருந்தன. போன வருடத்தின் கறைமேல் இந்த வருடத்துப் பொட்டு. புதியதற்கோ பெட்டி கிடையாது. ஆனால் திரையின் மேல் விளிம்பில், சரியாக நடுவில், சின்ன வட்டமாக ஒரு இடம் இருந்தது. பொட்டு வைப்பதற்காகவே விட்டதுபோல. அந்த வட்டத்தின்மேல் கச்சிதமாக, துளிகூட வழியாமல், காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. கீழே ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார்.

அந்த வட்டம்தான் கேமரா.

பழையதற்கு வைத்ததைவிடப் புதியதற்கு வைத்த பொட்டு பெரிதாக இருந்தது. தன் வேலைக்கான ஆயுதம் இது என்று மனதார ஒத்துக்கொண்டு சந்தனம் வைத்தவரைத்தான், இரண்டு நாள் கழித்து, யாரென்று தெரியவில்லை என்று இது சொல்லியிருக்கிறது. துடைக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். அவரே பார்க்க வேண்டும் என்று பட்டது.

வெள்ளியங்கிரி கட்டிங் மேசை ஓரத்தில், யாரோ விரித்த துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, ஒரு நிமிசம் வாங்க."

"வேண்டாங்க அம்மிணி. நீங்க எத்தன சொன்னாலும் அது என்னய ஏத்துக்கலீங்க. இதுல ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல."

"என்னயும் தெரியலீன்னுதான் சொல்லுது. வந்து பாருங்க."

அது அவரை அசைத்தது. வந்தார். அவள் திரையின் மேல் விளிம்பைக் காட்டினாள்.

"இது என்னதுங்ணா?"

"நெத்தி" என்றார் அவர், இதில் என்ன சந்தேகம் என்பதுபோல.

"அது கண்ணுங்ணா."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்தது.

"கண்ணுலயா சந்தனத்த அப்பி வெச்சேன்?"

"ஆமாங்ணா. ரெண்டு நாளாக் கண்ணக் கட்டி உட்ட மாதிரி நிக்குது. அதுக்கு யாரத் தெரியும்?"

கதவோரம் நின்ற ராமுத்தாய்தான் முதலில் சிரித்தாள். பிறகு வெள்ளியங்கிரியின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பனியன் துணித் துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குழந்தையின் கண்ணைத் துடைப்பதுபோல அவரே துடைத்தார். திரை விழித்தது. அவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு நொடியில் திறந்துகொண்டது.

"பொட்ட அப்பறம் எங்கீங்க வெக்கறது? வெக்காம உட முடியாதுங்களே" என்றார். மூன்று பேரும் கூடிப் பேசி, திரையைத் தாங்கும் காலின் பாதத்தில் வைப்பது என்று முடிவு செய்தார்கள்.

டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டவர் உடனே உட்காரவில்லை.

"அம்மிணி, நான் உக்காந்தர்றேன். நீங்க அந்தக் கடைசிப் பாகத்த ஆடிப்போட்டு வந்து எனக்குச் சொல்லோணும். ஒரு நாளாச்சும்."

"அது எதுக்குங்ணா?"

"எனக்குத் தொணைக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலை முடித்துவிட்டு தேவிப்பிரியா வீட்டு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். முகிலன் ஒரு முறை எட்டிப் பார்த்தான், எதுவும் கேட்காமல் காபியை வைத்துவிட்டுப் போனான். முதல் அரை மணி நேரம் அந்தப் பெண் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று முறை பள்ளத்தில் விழுந்தாள். தேவிப்பிரியாவின் கண் மூலையில் மேப்பைத் தேடியது. அது நடுவில் இருந்தது. இரண்டாவது முறை அணைத்துவிட நினைத்தபோது ஒரு பாலம் உடைந்தது. யோசிக்கும் முன் அவள் கட்டைவிரல் பழைய பட்டனை அழுத்தியிருந்தது. அந்தப் பெண் தாண்டி அக்கரையில் நின்றாள். மதியச் சாப்பாட்டுக்கு முகிலன்தான் அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"கெட்டதுன்னு சொல்ல முடியாதுங்ணா" என்றாள் திங்கட்கிழமை. "குதிக்கறதுக்கு அதே பட்டன்தான்."

"அதான பாத்தேன்" என்றார் அவர்.

பதிமூன்றாம் தேதி முதலாளி பேட்டர்ன் அறைக்கு வந்து பின்னால் நின்றார். கை வைத்த ஒரு டி-ஷர்ட், நான்கு அளவுகள். புதிய மென்பொருள் துண்டுகளைத் தானே அடுக்கும். பட்டனை அழுத்தியதும் எல்லாம் சரசரவென்று இடம்பிடித்தன. துணியில் எத்தனை விழுக்காடு வீணாகாமல் பயன்படுகிறது என்ற எண் கீழே வந்து நின்றது: எண்பத்து நான்கு புள்ளி ஒன்று.

"பரவால்லீங்களே" என்றார் சிவசுப்பிரமணியம்.

"இருங்க" என்றார் வெள்ளியங்கிரி. ஒரு கைத்துண்டைத் தலைகீழாகத் திருப்பினார். முன்பக்கத் துண்டின் கழுத்து வளைவுக்குள் அதைச் செருகினார். இன்னொன்றைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினார். எண் எண்பத்தைந்தைத் தாண்டியது. அவர் நாக்கு ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ராமுத்தாய் வந்து நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. எண்பத்தைந்து புள்ளி ஏழில் கையை எடுத்தார்.

அப்போதுதான் தேவிப்பிரியாவுக்கு ஒன்று விளங்கியது. அந்த எண் பழைய பெட்டியிலும் திரையின் கீழே இதே இடத்தில்தான் இருந்தது. பதினாறு வருடமாக அதை ஏற்றி ஏற்றி ஆடிக்கொண்டிருந்தவரிடம் போய்த்தான் அவள் கத்திக்காரனைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்தக் கோயமுத்தூர்க்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறனுங்க" என்று முதலாளி வெளியே போனார். மார்க்கரை அச்சடிக்கும் பிளாட்டர் தாளில் கோடு போட ஆரம்பித்தது.

பழைய பெட்டியை அணைத்து, வயரைப் பிடுங்கி, தாள் உருளை உருண்டு போகாமல் இருக்க முட்டாக வைத்தார்கள். உயரம் சரியாக இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, விண்டோஸ் பன்னெண்டு எப்ப வருமுங்க?" என்றார் வெள்ளியங்கிரி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியலீங்ணா."

"வந்தா மொதல்ல கண்ணு எங்க இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க."

தேவிப்பிரியா சிரித்துக்கொண்டே கிளம்பினாள். பேக்கிங்கிலிருந்து யாரோ சிஸ்டம் அக்காவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.